எழுத்துக்கும் தாலிக்கும் நடுவில

முப்பத்தொண்டைக் கூப்பிட்டாச்சு. என்ர துண்டில நாப்பத்தேழு. இன்னும் பதினாறு பேர், ஆளுக்கு அஞ்சு நிமிஷம் எண்டு பிடிச்சா எண்பது நிமிஷம், நடுவில அந்தக் கிளாக்கர் பிள்ளை தேத்தண்ணிக்கு எழும்பினா நூறு, அதுக்குள்ள பன்னிரண்டு அடிச்சிடும், பன்னிரண்டுக்கு முதல் நான் இவருக்குப் பதில் சொல்லவேணும். இவர் எண்டது என்ர மனுசன், பகீரதன், கனடாவில இருக்கிறார். அங்க இப்ப சாமம். பின்னேர வேலை முடிச்சு வந்து, நித்திரை கொள்ளாமல், போனை நெஞ்சில வச்சுக்கொண்டு கிடக்கிறாராம். "முடிவைச் சொல்லும் துஷ்யந்தி. நேசன் பின்னேரம் வீட்டை வருவார், கையெழுத்தை வச்சுக் குடுத்தால் அலுவல் முடிஞ்சுது." முடிஞ்சுதாம்! சந்தையில மீன் வாங்கிற அலுவல் மாதிரி. நேசன் எண்டது ஏஜென்ட். அவர் தந்த சத்தியக் கடதாசி என்ர கைப்பைக்குள்ள கிடக்குது, டைப் அடிச்சு, முத்திரை ஒட்டி, என்ர பேரும் அடையாள அட்டை நம்பரும் போட்டு, கையெழுத்து வைக்கிற இடம் மட்டும் வெறுமையா. அதில இருக்கிறது பொய். இண்டைக்கு இந்தச் செயலகத்தில நான் எடுக்க வந்திருக்கிறது என்ர கலியாணப் பதிவின்ர பிரதி, அதில இருக்கிறது உண்மை. எதைக் குடுக்கிறது, எதைக் கிழிக்கிறது? மூண்டு கிழமையா இதே கேள்விதான். நானே பதினாலு வருஷமாத் தபால் கந்தோரில கவுண்டருக்கு அங்கால இருக்கிறவள். "இதில விலாசம் விடுபட்டுப் போச்சு, நிரப்பிக்கொண்டு வாங்கோ" எண்டு எத்தினை சனத்தைத் திருப்பி அனுப்பியிருப்பன்! அந்தச் சனமெல்லாம் இப்ப வந்து பாக்கவேணும், வேர்த்து வழிய, மேல ஃபேன் சுத்தாத மூலையில, மர வாங்கின்ர நுனியில நான் குந்திக்கொண்டிருக்கிற வடிவை.

எழுத்து. இந்த ஒரு சொல்லை அங்க விசா குடுக்கிற வெள்ளைக்காரனுக்கு நான் எப்பிடி விளங்கப்படுத்திறது? எங்கட பக்கத்தில கலியாணம் ரெண்டு தரம் நடக்கும். முதல் எழுத்து. பதிவுகாரர் வீட்டை வருவார், ரெண்டு பேரும் புத்தகத்தில கையெழுத்து வைப்பினம், சாட்சிக்கு ரெண்டு பேர், ஒரு கேக், கொஞ்சம் பலகாரம், மோதிரம் மாத்தி ஒரு படம், அவ்வளவுதான். பேந்து மாப்பிள்ளை தன்ர வீட்டை போவார், பொம்பிளை தன்ர வீட்டில இருப்பாள். மாசக் கணக்கோ வருஷக் கணக்கோ கழிச்சு, நாள் பார்த்து, மண்டபம் எடுத்துத் தாலி. தாலி ஏறினாத்தான் கலியாணம். நடுவில உள்ளவளை ஆரும் கலியாணம் கட்டினவள் எண்டு சொல்லுறேல்லை, "எழுத்து முடிஞ்ச பிள்ளை" எண்டுதான் சொல்லுறது. அப்பிடி இருக்கேக்க இவரோட கோயிலுக்குத் தனியப் போனதுக்கே அம்மா ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு இருந்தவ. எங்கட எழுத்து ரெண்டாயிரத்து இருபத்திரண்டு மாசி பதினொண்டு. இவர் அப்ப கட்டாரில வெல்டர், ரெண்டு கிழமை லீவில வந்தவர். கனடாவுக்குத் தொழில் அடிப்படையில போட்ட ஃபைல் ஓடிக்கொண்டிருந்தது. "எழுத்தை இப்பவே வச்சு விடுவம், பிறகு பிள்ளையைக் கூப்பிட லேசா இருக்கும்" எண்டு சொன்னது ஆர்? மாமி. என்ர மாமியார்தான். லேசா இருக்குமாம், லேசா! ஆனியில இவர் போய் இறங்கிட்டார். ஆடியில மாமா மாரடைப்பில போயிட்டார். அந்த வீட்டில ஆட்டைத் திவசம் முடியுமட்டும் நல்ல காரியம் செய்யேலாது, பொறுத்துப் பொறுத்து அடுத்த வருஷம் ஆவணியிலதான் தாலி. ஒண்டரை வருஷம். அந்த ஒண்டரை வருஷமும் நான் ஆர், கட்டினவளோ கட்டாதவளோ? அப்ப ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டது ஒரே ஒராள்.

அந்த ஆள் பஸ் ஸ்ராண்டுக்கு முன்னால படிவம் நிரப்பிக் குடுக்கிற கொமினிகேஷன் கடை வச்சிருக்கிற கண்ணாடிக்காரர். தாலிக்கு அஞ்சு மாசம் முதல், பங்குனியில. ரொறன்ரோவில இவற்ற அக்காவுக்கு மூண்டாவது பிள்ளை பிறக்க இருந்தது, உதவிக்கு வாவன் மச்சாள் எண்டு அவ ஒரு கடிதம் அனுப்ப, விசிற் விசாவுக்குப் போட்டுப் பாப்பம் எண்டு நான் அந்தக் கடைக்குப் போனன். உண்மையைச் சொன்னா மச்சாளுக்கு உதவி செய்யப் போகவேணும் எண்டு எனக்கொரு ஆசையும் இல்லை, இவரைப் பாக்கவேணும், அவ்வளவுதான். கண்ணாடிக்காரர் கம்பியூட்டரைப் பார்த்தபடியே ஒவ்வொண்டாக் கேட்டுக்கொண்டு வாறார். பேர், பிறந்த திகதி, தொழில். "கலியாணம் கட்டியாச்சோ தங்கச்சி?" நான் வாயெல்லாம் பல்லாச் சொன்னன், "இன்னும் இல்லை அண்ணை, ஆவணியில." அவரும் சிரிச்சு, "அப்ப எங்களுக்கும் கார்ட் தாங்கோ" எண்டு சொல்லிக்கொண்டே தனியாள் எண்ட இடத்தில ஒரு புள்ளடி போட்டார். இவ்வளவுதான் நடந்தது. எத்தினை தரம் நினைச்சுப் பார்த்தாலும் இவ்வளவுதான். எனக்கு அப்ப வந்தது வெக்கம், பயமில்லை. பொய் சொல்லுறவளுக்கு வெக்கம் வருமே? பதிவுப் புத்தகத்தில கையெழுத்து வச்சவள் எண்டது எனக்கு மறந்தே போச்சு, மறந்தது எண்டும் இல்லை, அது வேற, இது வேற எண்டு என்ர மண்டைக்குள்ள ரெண்டு தனித்தனி அறையில கிடந்தது. மூண்டு கிழமையில விசா இல்லையெண்டு வந்திட்டுது, நானும் ஒருநாள் அழுதுபோட்டு விட்டிட்டன். அந்தப் புள்ளடி அங்க ஏதோ ஒரு கம்பியூட்டருக்குள்ள இவ்வளவு காலமும் கிடந்திருக்குது.

முப்பத்தாறு. அந்தப் பிள்ளை கெதியாத்தான் பாக்குது, பாவம், நான் சும்மா திட்டுறன். கனடாவுக்குப் போகப் பாதை மூண்டு இருக்காம். ரொறன்ரோவில மூண்டு கிழமைக்கு முதல் இவர் போய்க் கேட்ட விசா ஆலோசகர் சொன்னவராம், இவர் எனக்குச் சொன்னவர், நான் இரவும் பகலும் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறன். ஒண்டு, உள்ளதை உள்ளபடி வச்சு மனுசிக்கான ஸ்பொன்சர். பதிவுப் பத்திரத்தில மாசி பதினொண்டு, அதுக்கு ஒரு வருஷம் கழிச்சுப் போட்ட விசிற் விசாவில தனியாள். பிழையான தகவல் தந்தவள் எண்டு அஞ்சு வருஷம் உள்ள விடாமல் தடுக்கலாமாம். ரெண்டு, படிப்பு விசா. முப்பத்தெட்டு வயசில நான் போய் ஹோட்டல் முகாமைத்துவம் படிக்கிறதாம், தபால் கந்தோரில முத்திரை குத்தினவளுக்குத் திடீரெண்டு ஏன் ஹோட்டலில ஆசை வந்தது எண்டு ரெண்டு பக்கத்தில எழுதவேணுமாம். எனக்கு மூண்டு பேருக்கு மேல சமைச்சால் உப்புத் தெரியாது. அந்தப் படிவத்திலயும் முதல் எப்பவாவது விசாவுக்குப் போட்டனீரோ, கலியாணம் எப்ப எண்டு கேள்வி இருக்கு, அங்கயும் போய் முட்டுறது இதே சுவரிலதான். மூண்டாவது நேசன்ர பாதை. எழுத்தே நடக்கேல்லை எண்டு வைக்கிறது. தாலி கட்டின அண்டைக்குத்தான் முதல்முதல் கலியாணம், அதுக்கு முதல் ஒரு பதிவும் இல்லை எண்டு நான் சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைக்கவேணும், புதுசா ஒரு பதிவு ஆவணித் திகதியில எழுதிவிக்கலாம், எங்க, எப்பிடி எண்டதை நீங்கள் கேளாதையுங்கோ தங்கச்சி, அது என்ர பொறுப்பு. அந்தாள் இதைச் சொல்லேக்க எங்கட வீட்டு வாழைப்பழத்தை உரிச்சுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். நான் கேட்டன், "பிடிபட்டால்?" "பிடிபடாது." "பிடிபட்டால் அண்ணை?" "நீங்கள் ஏன் அபசகுனமாக் கதைக்கிறியள்?" பிடிபட்டால் அதோட என்ர கதை சரி. அஞ்சு வருஷம் எண்டது ஒரு பேச்சுக்கு, பிறகு இவள் பொய்க்காரி எண்டு என்ர பேருக்கு நேர எழுதிக் கிடக்கும், நான் எந்த வாசலில போய் நிண்டாலும்.

பக்கத்தில இருந்த பிள்ளை கைக்குழந்தையை என்ர மடிப்பக்கம் சரிச்சு வச்சுக்கொண்டு, "அக்கா, இவனை ஒருக்காப் பிடியுங்கோ, பேனையை எடுக்கவேணும்" எண்டாள். பிறப்புப் பதிவுக்கு வந்தவளாம். "துடக்குக் கழிச்சு முப்பத்தொண்டு முடிஞ்சு நேற்றுத்தான் வெளியில வெளிக்கிட்டனான்" எண்டு சிரிச்சாள். வேப்பிலையும் வசம்பும் மணத்தது. பாலும். என்ர கையில ஒரு சின்னச் சூடு, உள்ளங்கையை அவன் பிடிச்சான், பிடிக்கிறது எண்டு தெரியாமலே பிடிச்சான். "உங்களுக்கு எத்தினை பிள்ளையள் அக்கா?" "இன்னும் இல்லை." அதே சொல்லு. அண்டைக்குக் கடையில சொன்ன அதே ரெண்டு சொல்லு, அண்டைக்கு வாயெல்லாம் பல்லு, இண்டைக்கு வாய் கசந்து கிடக்குது. டொக்டர் அம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துப்போட்டு என்ர முகத்தைப் பாக்காமல் ரிப்போட்டைப் பார்த்துச் சொன்னவ, "ரெண்டு வருஷத்துக்குள்ள பாருங்கோ துஷ்யந்தி. அதுக்குப் பிறகு நான் ஒண்டும் சொல்லேலாது. அவர் எப்ப வருவார்?" அவர் எப்ப வருவார்! தாலி கட்டி இருபத்தேழு நாள் நிண்டவர். போன மார்கழியில முப்பத்துநாலு நாள். கூட்டினா அறுபத்தொண்டு. அறுபத்தொரு நாள் வாழ்ந்த கலியாணம், அதில பாதி நாள் சொந்தக்காரர் வீட்டு விருந்து. அஞ்சு வருஷம் தடுத்தால் எனக்கு நாப்பத்துமூண்டு. நாப்பத்துமூண்டில போய் என்னத்துக்கு? அவர் தேத்தண்ணிக்கு வெந்நீர் வைக்கவோ? எனக்கு இவரைப் பாக்கவேணும். எனக்குப் பிள்ளை வேணும். இதைச் சத்தமாச் சொல்ல எனக்கு ஏன் வெக்கமா இருக்கு, விசர்தான், அழுகை வருகுது, இந்தச் சனத்துக்கு முன்னால. "தாங்கோ அக்கா" எண்டு அவள் வாங்கினாள். குடுத்திட்டன்.

மாமி போன ஞாயிறு போனில என்ன சொன்னவ? "படிச்சனீர், அரசாங்க உத்தியோகம் பாக்கிறனீர், ஒரு படிவத்தை ஒழுங்கா நிரப்பத் தெரியாமல் என்ர பிள்ளையின்ர வாழ்க்கையை நாசமாக்கிப் போட்டீர்." அவவும் இப்ப ரொறன்ரோவில மகளோடதான் இருக்கிறா. அவ சொல்லுறதும் சரிதான். பிழை என்ர தானே. மூண்டு கிழமையா வீட்டில எல்லாற்ற முகத்தையும் பார்த்துப் பார்த்து, பிழை என்ர, பிழை என்ர எண்டு சொல்லி அந்தப் பிழையோட படுத்து எழும்புறன். ஆனாலும் எனக்கொரு நம்பிக்கை இருந்தது. மடைச்சி எண்டு சொன்னாலும் சரி. கவுண்டருக்கு அங்கால இருந்தவள் எண்டபடியால் எனக்குத் தெரியும், அங்கால இருக்கிறதும் மனுசர்தான், நேர சொன்னா ஒருக்கா எண்டாலும் நிமிர்ந்து பார்ப்பினம். நாலு நாளைக்கு முதல் இருந்து ஒரு கடிதம் எழுதினன். ஐயா, எங்கட வழக்கப்படி பதிவும் திருமணமும் வேறவேற நாளில நடக்கும், பதிவு முடிஞ்ச பெண்ணை ஊரில ஆரும் மணமானவள் எண்டு சொல்லுறேல்லை, நான் ஒளிக்க நினைச்சு எழுதேல்லை, தெரியாமல் செய்த பிழை, மன்னியுங்கோ. ஆவணிப் படங்கள், கலியாணக் கார்ட், சாட்சிக்கு ஐயரிட்டை ஒரு கடிதம், எல்லாம் வைப்பம். வாசிச்சுக் காட்டினன். இவர் கேட்டு முடிய முதலே கத்தினவர். "அந்தத் திகதி வெளியில வரவே கூடாது! விளங்குதோ உமக்கு? எங்கயும் வரக்கூடாது!" "நான் உள்ளதைச் சொல்லி மன்னிப்புத்தானே கேக்கிறன்?" "கேக்க வேண்டாம். நேசன் சொல்லுறதைச் செய்யும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உமக்காகத்தான் சொல்லுறன்." எனக்காகத்தான். நாலு நாளா அந்தக் கத்தல் காதுக்குள்ள நிக்குது. இவர் கத்துறவர் இல்லை. பிழை விட்டது நான், தடை வந்தால் எனக்கு, அந்தத் திகதிக்கு இவர் ஏன் இப்பிடி நடுங்கிறார்? என்னில உள்ள பாசமாக்கும் எண்டு நினைச்சன். நினைச்சுக் கொஞ்சம் சந்தோசப்பட்டனான் எண்டும் சொல்லவேணும்.

"நாப்பத்தேழு!" எழும்பேக்க கால் விறைச்சுப் போச்சு. அந்தக் கிளாக்கர் பிள்ளை நல்ல மாதிரி, நெத்தியில சின்னச் சந்தனப் பொட்டு, பதிவுப் புத்தகத்தை விரிச்சு விரலை ஓடவிட்டுப் பார்த்து, "சரிபாருங்கோ அக்கா. மாப்பிள்ளை கந்தையா பகீரதன், வெல்டர். பொம்பிளை துஷ்யந்தி, தபால் உத்தியோகத்தர். பதிஞ்ச திகதி ரெண்டாயிரத்து இருபத்திரண்டு மாசி பதினொண்டு. சரியோ?" சரி. இவற்ற கையெழுத்து, வளைச்சு வளைச்சு, கீழ ஒரு கோடு. நான் அதையே பார்த்துக்கொண்டு நிண்டன். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. விரல் தன்ர பாட்டில எண்ணிச்சுது. ஆனியில இவர் கனடாவில இறங்கினவர். எழுத்து முடிஞ்சு நாலு மாசத்தால. இறங்கின உடன எயார்போட்டில நிண்டு எனக்கொரு குரல் செய்தி அனுப்பினவர், சந்தோசத்தில மூச்சு வாங்க வாங்க, "ஒண்டும் பெரிசாக் கேக்கேல்லையப்பா, ரெண்டு மூண்டு கேள்வி, வெல்கம் எண்டு சொல்லி முத்திரையைக் குத்தினவன்." ரெண்டு மூண்டு கேள்வி. என்னட்டை அந்தக் கொமினிகேஷன் கடைக்காரரே கேட்ட கேள்வியை அந்த வெள்ளைக்காரன் இவரிட்டைக் கேக்காமல் விட்டிருப்பானோ? ஃபைல் போட்டது எழுத்துக்கு முதல், அப்ப இவர் தனியாள், சரி. பேந்து மாறினதைச் சொன்னவரோ? சொன்னால் என்ர பேர் அங்க அண்டையிலயிருந்து இருக்கவேணுமே. என்னட்டை ஒரு படம் கேக்கேல்லை, மெடிக்கல் எடுக்கச் சொல்லேல்லை, ஒரு கடதாசி வரேல்லை. கடவுளே. "எத்தினை பிரதி அக்கா?" "ஒரு நிமிஷம் தங்கச்சி, கோவியாதையுங்கோ, ஒரு போன் எடுத்திட்டு வாறன்."

வெளியில சைக்கிள் விடுற இடத்தில கொஞ்ச நிழல். முதல் மணியிலயே எடுத்தார். "சொல்லும். முடிவெடுத்திட்டீரே?" நான் கேட்டன், "அண்டைக்கு எயார்போட்டில இறங்கேக்க உங்களிட்டை, கலியாணம் கட்டியாச்சோ எண்டு கேட்டவங்களோ?" கொதிச்ச கேத்திலை அவர் நிப்பாட்டினது கேட்டுது. "இப்ப ஏன் உதெல்லாம்?" "கேட்டவங்களோ இல்லையோ?" "கேட்டவன்." "என்ன சொன்னீங்கள்?" "துஷி, அப்ப தாலி கட்டேல்லைத்தானே..." எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமா, முதலில சிரிப்புத்தான் வந்தது, என்னைப் போல ஒரு மடையன், வெக்கத்தோட இன்னும் இல்லை எண்டு சொல்லியிருப்பார், அந்த முகம் எனக்குத் தெரியும், அந்தப் பொய்யில ஒரு குற்றமும் இல்லை, அதை நான் மன்னிக்க வேண்டியதுகூட இல்லை. "அப்ப உங்களாலயும் பிரச்சினைதான்?" "உம்மட புள்ளடி சின்ன விசயம். கடிதம் எழுதிப் பாக்கலாம் எண்டுதான் அந்த ஆலோசகரும் சொன்னவர். நான் இறங்கேக்க உம்மைச் சொல்லாதபடியால் மனுசியெண்டு ஸ்பொன்சர் பண்ணுறதே சிக்கலாம். அந்தத் திகதி வெளியில வந்தால் என்ர நிரந்தர வதிவிடக் காட்டையும் கிண்டத் தொடங்குவாங்களாம்." "எப்ப சொன்னவர்?" "முதல் நாளே." "மாமிக்குத் தெரியுமோ?" "அம்மாவுக்குத் தெரியும்." முதல் நாளே. மூண்டு கிழமை. பிழை என்ர, பிழை என்ர எண்டு நான் சோறு இறங்காமல் கிடந்த மூண்டு கிழமையும், நாசமாக்கிப் போட்டீர் எண்டு மாமி கத்தின ஞாயிறும், இவருக்கு எல்லாம் தெரியும். உமக்காகத்தான் சொல்லுறன்! "நீர் அழாதையும். அதால என்ன, நேசன்ர பாதை இருக்குத்தானே, நீர் அந்தச் சத்தியக் கடதாசியில கையெழுத்தை மட்டும் வையும், ரெண்டு பேற்ற பிரச்சினையும் ஒண்டா முடியும்." கையெழுத்து என்ர. பேர் என்ர. பிடிபட்டால் சத்தியம் பண்ணினவளும் நான்தான்.

அப்பத்தான் அது என்ர வாயில வந்தது. நான் யோசிச்சு வச்சுச் சொல்லேல்லை, மூண்டு கிழமையா எத்தினை பாதையை அளந்து பார்த்தனான், இப்பிடி ஒண்டு இருக்கெண்டு ஒருநாளும் தோன்றினதே இல்லை. "இஞ்சேருங்கோ, நீங்கள் இஞ்ச வாங்கோ." "என்ன?" "நீங்கள் வாங்கோ. உங்கட பாஸ்போட் இன்னும் இலங்கைப் பாஸ்போட்தானே. உங்களுக்கு விசா வேண்டாம், படிவம் வேண்டாம், ஏஜென்ட் வேண்டாம். கட்டுநாயக்காவில இறங்கினா ஆரும் உங்களைக் கலியாணம் கட்டியாச்சோ எண்டு கேக்க மாட்டினம். வெல்டருக்கு இஞ்ச வேலை இல்லையே? என்ர சம்பளமும் இருக்கு. டொக்டர் அம்மா ரெண்டு வருஷம் எண்டு சொன்னவ, நீங்கள் அடுத்த மாசம் வந்தாலே..." "உமக்கென்ன விசரே!" சிரிச்சார். உண்மையாவே சிரிச்சார், பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சார், நான் சொல்லி முடிக்க முதலே. "அதை விடும், நேசன் எத்தினை மணிக்கு வாறார்?" போனைக் காதில வச்சபடியே நிண்டன். வெயில் காலில ஏறிட்டுது. உள்ளயிருந்து அந்தப் பிள்ளை என்ர நம்பரைத் திருப்பிக் கூப்பிடுறது கேட்டுது. ஏலாது எண்டு சொன்னதுக்கு எனக்குக் கோவமில்லை, ஏலாமல் இருக்கலாம், எட்டு வருஷம் பாலைவனத்தில கிடந்து உழைச்சுப் போன இடம், அதை விட்டிட்டு வா எண்டு கேக்கிறது லேசில்லை எண்டு எனக்குந்தான் தெரியும். ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். ஒரே ஒரு நிமிஷம் பேசாமல் இருந்து யோசிச்சுப் பார்த்து, "ஏலாது துஷி" எண்டு சொல்லியிருந்தாரெண்டால், நான் வீட்டை போய் அந்தப் பொய்யில கையெழுத்து வச்சிருப்பன்.